‘திருவாரூர்’ என்று முடித்தால் அடுத்தவர் எந்த எழுத்தில் தொடங்குவது?

தங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். காவிரிப் படுகையின் ஊர்ப்பெயர்களைத் திரட்டுவதில் விருப்பமுள்ள சிலர் சேர்ந்து, ஒருவர் சொல்லும் ஊரின் கடைசி எழுத்தில் அடுத்தவர் ஓர் ஊரைச் சொல்ல வேண்டும் என்று விளையாடுகிறீர்கள். ஒருவர் ‘திருவாரூர்’ என்று நிறுத்தினார், அடுத்தவர் ‘ர்’ என்பதை ‘ர’ என்று எடுத்துக்கொண்டு, பாபநாசத்துக்கு அருகிலுள்ள ‘ராஜகிரி’யைச் சொன்னார், மூன்றாமவர், ரகரம் தமிழில் மொழிக்கு, அதாவது சொல்லுக்கு, முதலில் வராது, அது ‘இராஜகிரி’தான், ஆகவே ஆட்டம் செல்லாது என்று மறித்தார். யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒரே ஊரைப் பற்றியது போல் தோன்றினாலும், உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரகரத்தைப் பற்றி இலக்கணம் என்ன சொல்கிறது என்பது ஒன்று. கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் தமிழ் ஊர்ப்பெயர்களுக்குப் பொருந்துமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை எளிது. இரண்டாவதுதான் தங்கள் குழுவை ஒவ்வொரு முறையும் முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் எழுத்திலக்கணமும் யாப்பும் கற்பித்தவன் என்ற முறையில், உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் வைக்கிறேன். தமிழ் எழுத்துகள் 247 என்று பள்ளியிலேயே படித்திருப்போம்; அவை அனைத்தும் சொல்லின் எல்லா இடங்களிலும் வருவதில்லை. நன்னூல் கணக்குப்படி மொழிக்கு முதலில் வரக்கூடியவை 22: உயிர் 12, அவற்றோடு உயிரேறிய க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் 10. இவற்றிலும் எல்லா உயிரும் எல்லா மெய்யோடும் சேர்ந்து முதலில் வாரா. வகரம் உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கோடு கூடி முதலாவதில்லை. யகரத்துக்கும் ஞகரத்துக்கும் ஙகரத்துக்கும் இன்னும் குறுகிய எல்லைகள் உண்டு. மொழிக்கு இறுதியில் வருபவை 24: உயிர் 12, மெய்யில் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் என்னும் 11, குற்றியலுகரம் ஒன்று. தனி மெய் எந்தச் சொல்லுக்கும் முதலாவதில்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் உயிரேறி வந்தாலும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாவதில்லை. ஆனால் சொல்லின் கடைசி அசையில் அடிக்கடி வந்து உட்காருபவை இந்த எட்டேதான்.

இப்போது நம் படுகையின் ஊர்ப்பெயர்களின் வால்களை மட்டும் பாருங்கள். ஊர், நல்லூர், குடி, பாடி, பூண்டி, துறை, கோட்டை, பேட்டை, சேரி, பள்ளி, காடு, ஆறு, வாசல், கோயில். ர், டி, றை, டை, ரி, ளி, டு, று, ல் என்று முடிகின்ற இவற்றில் ஒன்றாவது அடுத்த ஊருக்கு முதலெழுத்தாகும் தகுதி உடையதா? மங்கலம், புரம், பட்டினம் ஆகியவை மகர மெய்யில் முடிவதால், ‘ம்’ என்பதை ‘ம’ என்று தளர்த்திக்கொண்டால் மட்டும் தப்பிக்கின்றன. மன்னார்குடி, மயிலாடுதுறை, தரங்கம்பாடி, சீர்காழி, திருத்துறைப்பூண்டி, குடவாசல், உம்பளச்சேரி என்று எதைச் சொன்னாலும் அடுத்தவர் வாயடைத்துப்போவார். ஆகவே தங்கள் குழுவில் நடப்பது ஆட்டக்காரரின் அறியாமையால் நேர்வது அன்று. ஆட்டத்தின் விதியிலேயே அந்த அடைப்பு இருக்கிறது.

ராஜகிரிக்கு வருகிறேன். மூன்றாமவர் சொன்ன விதி உண்மையானதே. ரகரத்தில் தொடங்கும் வடசொல் தமிழுக்கு வரும்போது அ, இ, உ என்னும் குறில்களில் ஒன்று முன்னால் வந்து சேரும், லகரத்துக்கு இகரமும் உகரமும் சேரும், யகரத்துக்கு இகரம் சேரும் என்று நன்னூல் பதவியலில் சொல்கிறது. இராமன், உரோமம், இலாபம் எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் அது எழுத்து வழக்குக்குச் சொன்ன விதி. பேச்சில் யாரும் ‘இராஜகிரிக்கு ஒரு சீட்டு’ என்று நடத்துநரிடம் கேட்பதில்லை. ரிஷியூர், ராஜாமடம், லால்குடி என்று ர, ல முதலாகச் சொல்லப்படும் ஊர்கள் படுகையில் உள்ளனவே. எனவே இருவரும் இருவேறு தளத்தில் சரியாகவே பேசினார்கள். என் தீர்ப்பு வேண்டுமென்றால், ஊர்ப்பெயர் ஆர்வலர்கள் எழுதித் தொகுக்கும் குழு என்பதால் எழுத்து வழக்கைப் பின்பற்றி ‘இராஜகிரி’ என்று இகரத்தில் வைத்துக்கொள்வேன். எப்படி வைத்தாலும் ஒரே ஆட்டத்தில் ஒருவர் அதை ரகரத்திலும் இன்னொருவர் இகரத்திலும் செலவழிக்க இடம் தரக்கூடாது. ஒரு பெயருக்கு ஒரு முகம்தான்.

இதில் இலக்கணத்தின் பெயரால் மிகவும் கண்டிப்பாக நிற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மொழிமுதல் எழுத்துகளின் பட்டியலே காலத்தோடு நகர்ந்திருக்கிறது. சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிரோடு கூடி முதலில் வாராது என்பது தொல்காப்பிய நூற்பாவின் பரவலான பாடம். ஔகாரத்தை மட்டும் விலக்கும் வேறு பாடமும் உண்டு என்பதால் அறிஞர்கள் இதில் ஒருமனப்பட்டிருக்கவில்லை. முதற்பாடத்தை அப்படியே ஏற்றால் சன்னாநல்லூரும் சக்கரப்பள்ளியும் செல்லாத காசாகிவிடும். ஆனால் சக்கரப்பள்ளியைச் சம்பந்தரும் சத்திமுற்றத்தை அப்பரும் பாடியிருக்கிறார்கள். இரண்டும் நம் வட்டாரத்து ஊர்களே. நன்னூல் சகரத்துக்கு அந்தத் தடையை வைக்கவில்லை. ஆகவே தங்கள் குழுவுக்கு நன்னூலின் பட்டியலே போதுமானது. அதற்குமேல் பழமையைத் தேடிப் போனால் விளையாட்டு நின்று வழக்கு தொடங்கும்.

சரி, கடைசி எழுத்து உதவவில்லை என்றால், முடிவிலிருந்து தொடங்கும் கலையில் பெயர்பெற்ற தமிழ்ப்புலவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே முறை. அந்தாதி என்னும் வடிவம் நம் படுகைக்குப் புதியதன்று. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. ‘பிறந்து’ என்ற சொல்லில் தொடங்கி அதே சொல்லில் முடிகிறது. திருக்கடையூரில் தோன்றிய அபிராமி அந்தாதியின் 100 கட்டளைக் கலித்துறைகளும் அப்படியே வளையமாக நிற்கின்றன. ‘உதிக்கின்ற’ என்று தொடங்கி ‘உதிக்கின்றனவே’ என்று முடிகின்றன. இப்படி முடிவு தலைப்பை வந்து தொடுவதை மண்டலித்தல் என்பார்கள். ஆனால் நமக்கு வேண்டிய செய்தி நடுவில் இருக்கிறது. முதற்பாட்டு ‘விழுத்துணையே’ என்று முடிய, இரண்டாவது ‘துணையும்’ என்று தொடங்குகிறது. இரண்டாவது ‘அறிந்தனமே’ என்று முடிய, மூன்றாவது ‘அறிந்தேன்’ என்று தொடங்குகிறது. மூன்றாவது ‘மனிதரையே’ என்று முடிய, நான்காவது ‘மனிதரும்’ என்று தொடங்குகிறது. கடைசி எழுத்தான ஏகாரத்தை அந்த அந்தாதியைப் பாடிய அபிராமி பட்டர் எங்கேயும் பொருட்படுத்தவில்லை. வேற்றுமை உருபு, விகுதி, இடைச்சொல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பின்னோக்கி வந்து, ஒரு சொல்லின் தலை எங்கே இருக்கிறதோ அங்கே பிடிக்கிறார். எழுத்து, அசை, சீர், அடி என்னும் நான்கினாலும் அந்தாதி தொடுக்கலாம் என்று யாப்பு நூலார் வகுத்திருந்தாலும், நூறு பாட்டை இழுத்துச் செல்லும் சுமையைப் புலவர்கள் பெரும்பாலும் சொல்லின் தோளிலேயே ஏற்றியிருக்கிறார்கள். மொழியின் இயல்பு அவர்களை அங்கே கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு நூற்பாச் சான்று இல்லை.

தங்கள் குழுவினர் ஏற்கெனவே யோசித்திருக்கக்கூடிய வேறு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். மெய்யில் முடிந்தால் அகரம் ஏற்றிக்கொள்வது சுற்றுலாப் பேருந்துகளில் பாட்டுக்குப் பாட்டு விளையாடும்போது நாம் எல்லாரும் செய்வது. ‘ம்’ வந்தால் ‘ம’, ‘ன்’ வந்தால் கூச்சமில்லாமல் ‘ந’. அங்கே அது நடக்கும். திரைப்பாடல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஊர்ப்பெயரில் ‘ர்’, ‘ல்’, ‘ள்’ மூன்றுக்கும் அது உதவாது. ஜப்பானியர்களின் ஷிரிதோரி ஆட்டத்தில் ‘ன்’ என்ற ஒலியில் முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றார் என்று விதி உண்டு. அந்த ஒலியில் அவர்கள் மொழியில் சொல் தொடங்குவதில்லை. அடைப்பு ஏற்படுத்தியவருக்கே தண்டனை என்பது அழகான விதிதான். ஆனால் அங்கே அடைக்கும் எழுத்து ஒன்று. இங்கே திறக்கும் எழுத்தே விரல்விட்டு எண்ணத்தக்கது. அந்த விதியை நாம் எடுத்துக்கொண்டால் திருவாரூர், மன்னார்குடி, சீர்காழி என்று சொன்னவரெல்லாம் முதல் சுற்றிலேயே வெளியேறுவார்கள். கடைசி எழுத்தில் உள்ள உயிரை மட்டும் எடுத்துக்கொள்வது மூன்றாவது வழி. மன்னார்குடிக்கு இகரம், அதனால் இடும்பாவனம். அதன் ஈற்று மெய்யை விட்டால் அகரம், அதனால் அம்மாபேட்டை. அதற்கு ஐகாரம், அதனால் ஐயம்பேட்டை. பன்னீருயிரும் மொழிமுதலாகும் என்பதால் இலக்கணம் இதற்கு முழு ஆதரவு தரும். குறை என்னவென்றால், உயிரிலிருந்து உயிருக்கே தாவிக்கொண்டிருப்பதால் தஞ்சாவூரும் கும்பகோணமும் நாகப்பட்டினமும் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவரின் வாயில் தவிர வேறெங்கும் வரவே வாரா. தஞ்சாவூருக்கு இடமில்லாத காவிரிப் படுகை ஆட்டத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆகவே நான் பரிந்துரைப்பது பின்னடை விதி. பெயர் நானே வைத்தது, நூல்களில் தேட வேண்டாம். ஊர்ப்பெயரின் கடைசி எழுத்து மொழிமுதலாகுமா என்று பாருங்கள். ஆகாது என்றால் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். மொழிமுதலாகும் எழுத்து எதிர்ப்படும்வரை பின்னால் வந்துகொண்டே இருங்கள். அதுவே அடுத்தவருக்கு உரிய எழுத்து. மன்னார்குடியில் ‘டி’ ஆகாது, ‘கு’ ஆகும். மயிலாடுதுறையில் ‘றை’ ஆகாது, ‘து’ ஆகும். நாகப்பட்டினத்தில் ம், ன, டி, ட் என நான்கையும் கடந்தால் ‘ப’ கிடைக்கும். இது தற்செயலாக வாய்ப்பதன்று. குடி, துறை, பட்டினம், பூண்டி, கோட்டை, சேரி எல்லாம் தாமே தனிச்சொற்கள். தனிச்சொல் என்றால் அதன் முதலெழுத்து மொழிமுதல் ஆகியே தீரும். எனவே பின்னோக்கி வரும் நாம், அதிகம் போனால் அந்த இறுதிச் சொல்லின் தலையில் போய் நிற்போம். பட்டர் ‘விழுத்துணை’யிலிருந்து ‘துணை’யைப் பிடித்த இடமும் இதுவே. அதற்கும் அப்பால் பெயர் முழுவதும் ஒன்றுமே அகப்படாமல் போனால்கூட, ஊரின் முதலெழுத்து எப்படியும் மொழிமுதல்தான். ஆகவே இந்த விதியில் எழுத்து கிடைக்காமல் ஆட்டம் நிற்பது என்பதே கிடையாது.

இரண்டு இடங்களில் மட்டும் விதியைக் கொஞ்சம் வளைக்க வேண்டும். ஊர், ஆறு என்னும் இரண்டு ஈறுகளும் உயிரில் தொடங்குவதால் முன்னுள்ள மெய்யோடு கலந்துவிடுகின்றன. ‘ரூர்’, ‘வூர்’, ‘யாறு’, ‘ளாறு’ என்று வடிவம் மாறி நிற்கின்றன. இவற்றைப் பிரித்து ஊகாரத்தையும் ஆகாரத்தையும் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்யாவிட்டால் ஆடுதுறையும் உமையாள்புரமும் ஒரத்தநாடும் வெளியிலேயே நிற்கும். உயிர்முதற் பெயர்களுக்கு வேறு வாசல் இல்லை. ஆனால் ஊகாரத்தில் தொடங்கும் ஊர்கள் மிகக் குறைவு, ஊர் என்று முடியும் ஊர்களோ எண்ணற்றவை. இங்கே மோனையைத் துணைக்கு அழைக்கலாம். அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். சகரமும் தகரமும் ஓரினம். ஞகரமும் நகரமும் ஓரினம். மகரமும் வகரமும் ஓரினம் என்று மோனைக்குக் கிளையெழுத்து வகுத்திருக்கிறார்கள். செய்யுளில் ஒன்றுக்கொன்று மோனையாக நிற்கத் தகுந்தவை விளையாட்டில் ஒன்றுக்கொன்று பதிலாக நிற்கக் கூடாதா? யாப்புப் பயிற்சியில் மாணவர்கள் இந்த இனப்பட்டியலை மனப்பாடம் செய்யச் சலித்துக்கொள்வார்கள். இப்படி ஓர் ஆட்டம் அப்போது கைவசம் இருந்திருந்தால் எனக்கு வேலை குறைந்திருக்கும்.

ஓர் ஓட்டம் போட்டுக் காட்டுகிறேன். தஞ்சாவூர் என்று ஒருவர் தொடங்கினால் ஊகார இனம் கிடைக்கிறது. அடுத்தவர் ஒரத்தநாடு சொல்லலாம். ‘டு’ கழிந்து ‘நா’, நாச்சியார்கோயில். ‘ல்’, ‘யி’ கழிந்து ‘கோ’; கோடியக்கரை. ‘ரை’ கழிந்து ‘க’, கபிஸ்தலம். ‘ம்’, ‘ல’ கழிந்து ‘த’, தலைஞாயிறு. ‘று’, ‘யி’ கழிந்து ‘ஞா’. ஞாகாரத்தில் தொடங்கும் ஊர் படுகையில் எளிதில் அகப்படாது. இன எழுத்தான ‘நா’வுக்கு மாறினால் நாகூர். மறுபடி ஊகார இனம். மாட்டினத்தால் பெயர்பெற்ற உம்பளச்சேரி. ‘சே’, சேங்காலிபுரம். ‘பு’, புள்ளமங்கை. அங்கே ‘கை’ என்ற கடைசி எழுத்தே மொழிமுதலாகும் தகுதியுடையது, பின்னால் போகத் தேவையில்லை. கடற்கரையும் ஆற்றங்கரையும் மாறிமாறி வருகின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். உயிர் மட்டும் தாவும் விதியில் இந்த வீச்சு கிடைக்காது.

ஐயத்துக்கு இடமானவற்றையும் மறைக்கக்கூடாது. பேரளம், வல்லம், கொள்ளிடம், பேராவூரணி போன்றவை பின்னோக்கி வரும்போது தம் தலைக்கே திரும்பிவிடுகின்றன. பேராவூரணி சொன்னவருக்குப் பேரளம், பேரளத்துக்கு மறுபடி ‘பே’ என்று செக்குமாடாகச் சுற்ற நேரும். பேரளத்தை அளம் என்று பிரித்து அகரம் கொடுக்கலாமே என்று யாராவது வாதிடுவார். பிரிக்கலாம்தான், ஆனால் ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் காண்பதில் அறிஞர்களே அடிக்கடி மாறுபடுகிறார்கள், தலபுராணம் ஒன்று சொல்லும், கல்வெட்டு வேறொன்று சொல்லும். ஆட்டத்தின் நடுவில் அந்தக் கதவைத் திறக்க வேண்டாம். தலைக்குத் திரும்பும் பெயர் வந்தால் அடுத்தவர் விரும்பிய உயிரெழுத்தில் தொடங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் நிற்கும், வேறு வழியில் உள்ளே வர முடியாத இன்னம்பூர், இடும்பாவனம், எட்டுக்குடி ஆகியவற்றுக்கு வாசலும் கிடைக்கும். மூன்றாமவரின் இராஜகிரியும் அந்த வாசல் வழியாகவே வரட்டும். ஐயம்பேட்டையா, அய்யம்பேட்டையா என்ற சண்டை வந்தால் கவலையே வேண்டாம். ஐகாரத்துக்கு ‘அய்’ போலியாக வரும் என்பது பழைய விதி. தவிர இரண்டும் அகர இனத்திலேயே அடங்கிவிடுகின்றன. காடு, நாடு போன்றவற்றின் ஈற்று உகரம் குற்றியலுகரம் ஆயிற்றே, அதை எழுத்தாக எண்ணலாமா என்று இலக்கணம் படித்த ஒருவர் கேட்கக்கூடும். பின்னடை விதியில் அந்த எழுத்தைக் கடந்துதான் போகிறோம் என்பதால் அவரையும் அமைதிப்படுத்திவிடலாம்.

‘திரு’ என்ற அடைமொழிதான் மிச்சமிருக்கும் தொல்லை. பாடல்பெற்ற தலங்களில் காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127 என்று மரபாகக் கணக்கிடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்று ‘திரு’ ஒட்டியிருக்கிறது. இப்படி ‘தி’ வந்தவருக்கு மட்டும் பெருஞ்செல்வமும் மற்றவர்களுக்கு வறுமையும் நேர்கிறது. தேவாரத்திலேயே ஆரூர், ஐயாறு, இடைமருது, வெண்காடு, நள்ளாறு, வீழிமிழலை, கடவூர் என்று அடையில்லாமல் பாடப்பட்ட ஊர்களை அந்தப் பெயரில் சொல்ல அனுமதிக்கலாம்; அப்போது ‘ஆ’, ‘ஐ’, ‘வெ’, ‘வீ’ போன்ற எழுத்துகளில் கையிருப்பு கூடும். பதிகத்தில் அப்படி வராத ஊரின் ‘திரு’வைத் தாமாக வெட்டக்கூடாது. நாகை, மன்னை, குடந்தை போன்ற மரூஉப் பெயர்களை முழுப்பெயரோடு சேர்த்து ஒன்றாகவே எண்ணுவேன். நாகப்பட்டினம் போனபின் நாகை வேண்டாம். மாயவரம், மாயூரம் என்ற பெயர்கள் 1982இல் அரசு மயிலாடுதுறை என்று மாற்றும்வரை அலுவல் வழக்கிலேயே இருந்தவை. அவற்றை மறுக்க எனக்கு மனம் வரவில்லை என்றாலும், மூன்றில் எதையேனும் ஒரு முறைதான் செலவழிக்கலாம். மேல, கீழ, வட, தென் என்று முன்னால் ஒட்டிக்கொண்டு ஒரே ஊரை நான்காக்கும் தந்திரத்துக்கு, அந்த அடையோடு வருவாய்க் கணக்கில் தனிக் கிராமமாக இருந்தால் மட்டும் இடம் கொடுங்கள். பிடாகைகளை, அதாவது ஒரு கிராமத்தைச் சேர்ந்த உட்கிடைச் சிற்றூர்களை, ஏற்பதா என்பது குழுவில் எத்தனை பேருக்குத் தத்தம் வட்டாரத்தின் பிடாகைப் பெயர்கள் தெரியும் என்பதைப் பொறுத்தது. மற்றவர் சரிபார்க்க முடியாத பெயரைச் சொன்னவர், அது எந்த ஊராட்சியில் இருக்கிறது என்றாவது சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.